வலப்பக்கம் வெட்டிய படங்கள்

மார்ச் 3, செவ்வாய். காலை 6.40. பதிவுகள் 14. படங்கள் 62. உன்னிடமிருந்து வந்த பதில் 1. அதுவும் ஒரே சொல்: "வேண்டாம்."

அக்கா,

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நீச்சல் குளத்து ஓரத்தில், வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா தண்ணீரில் இருக்கிறாள். எட்டு மணிக்கு நான் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றப் போயாக வேண்டும். எனவே நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு. ஏரியைக் குறுக்கே கடக்கும் நீச்சல். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 1,200 மீட்டர். அம்மாவுக்கு அதில் நீந்த வேண்டும். படிவத்தில் குடும்பத்தில் ஒருவர் சம்மதம் எழுதித் தர வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 3. நான் பேனாவை எடுத்தேன். அம்மா படிவத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முட்டி அவ பொறுப்புடா. அவ சரின்னு சொல்லட்டும்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் முட்டி அறுவை முடிந்ததும் நீ கப்பல் வேலைக்கு ஆறு மாதம் விடுப்புப் போட்டு அவளை நடக்க வைத்தாய். உன்னைக் கேட்காமல் இந்த முட்டியை வைத்து ஒன்றும் செய்ய மாட்டேன் என்று அவள் அப்போது சொன்னாளாம். இருபத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவள். சிவப்பு விளக்கு என்றால் நடு ரோட்டில் ஆளே இல்லாவிட்டாலும் நிற்பாள். இப்போது நீதான் சிவப்பு விளக்கு.

நீ பார்க்காமலேயே வேண்டாம் என்கிறாய். அதுதான் எனக்கு எரிச்சல். அம்மா அக்டோபரில் நீச்சல் கற்க ஆரம்பித்ததிலிருந்து நான் இணையத்தில் அந்த பிளாக்கை நடத்துவது அவளோடு வேலை பார்த்த பேருந்துப் பணிமனை டிரைவர்களுக்காக மட்டும் இல்லை, உனக்காகவும்தான். எல்லாப் படத்தையும் ஒழுங்காக வெட்டிச் செதுக்கி, வேண்டாத பின்னணியை எடுத்துவிட்டு, அம்மா நடுவில் வருகிற மாதிரி போட்டிருக்கிறேன். பதிவு 9, பதிவு 12 இரண்டையும் திற. முட்டி எப்படி மடங்குகிறது என்று நீயே பார். விளக்கமே தேவையில்லை. படமே பேசும்.

தம்பி


மார்ச் 6

டேய் டேப்,

(அளவு நாடாவை இடுப்பிலிருந்து கழற்றாமல் தூங்குகிறவனை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?)

படமே பேசும் என்று நீ பதினான்கு பதிவிலும் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்துவிட்டேன், நானும் உன் அக்காதானே. சரி, பேசச் சொல். எனக்கு என்ன தெரிகிறது தெரியுமா? அறுபத்திரண்டு சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஒரு கிழிந்த காகிதக் குறி. இந்தக் கப்பலில் இருபத்திரண்டு பேருக்கு ஒரு ஊசித்துளை அளவு இணையம். எழுத்து வரும், படம் வராது. நான் ஏறும்போதே சொன்னேன். நீ எந்த லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாயோ.

உன் பதிவு 9-ஐ அப்படியே தருகிறேன், படி: "இன்று அம்மா செய்ததைக் கீழே பாருங்கள்." சாம்பல் கட்டம். "இதையும் பாருங்கள்." சாம்பல் கட்டம். "நம்ப முடிகிறதா?" சாம்பல் கட்டம். "படமே பேசும்." முடிந்தது. அதன் கீழே டிரைவர்கள் வரிசையாக "சபாஷ் அக்கா", "ஓவர்டேக் பண்ணிட்டீங்க" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். யாரை ஓவர்டேக் செய்தாள்? எதற்கு சபாஷ்? இயந்திர அறையில் நாற்பத்து மூன்று டிகிரி சூட்டில் இதை வைத்துக்கொண்டு நான் பல்லைக் கடிக்கிறேன். வீட்டுக்குள் விருந்து நடக்கிறது, மூடிய கதவுக்கு வெளியே நிற்கிற எனக்குச் சத்தம் மட்டும் வருகிறது.

முட்டியைப் பற்றி எனக்குத் தெரியும். அது எத்தனை டிகிரிக்கு மேல் மடங்காது, எந்தப் பக்கம் திரும்பினால் அம்மா உதட்டைக் கடிப்பாள் என்பதெல்லாம். ஏரியில் பிடித்துக்கொள்ளச் சுவர் கிடையாது. நடுவில் முட்டி பிடித்துக்கொண்டால் யார் இருப்பார்கள்? நீ கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பாய்.

என் பதில் மாறவில்லை. மாற வேண்டுமென்றால் எழுத்தில் சொல். அம்மாவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். உன்னிடம் இருக்கிறேன்.

அக்கா


மார்ச் 9, திங்கள். இரவு 8.05

அக்கா,

சரி செய்துவிட்டேன். படம் வராத இடத்தில் அதற்கான விளக்கம் எழுத்தாகத் தெரிய ஒரு வசதி இருக்கிறது. அதை நான் காலியாக விட்டிருந்தேன். தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன், மேலே போகலாம்.

62 படத்துக்கும் உட்கார்ந்து எழுத எனக்கு நேரம் இல்லை. படக்கோப்பிலேயே எல்லாத் தகவலும் இருக்கிறது. அதை எடுத்துப் போட ஒரு சின்ன நிரல் எழுதினேன். நான்கு வினாடியில் முடிந்தது. இப்போது திற. சாம்பல் கட்டத்துக்குள் எழுத்து தெரியும்.

தம்பி


மார்ச் 12

டேய்,

தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

"படம் 1. அம்மா. அகலம் 1700, உயரம் 3000. வலப்பக்கம் 2300 வெட்டப்பட்டது. வெளிச்சம் போதுமானது." "படம் 2. அம்மா. அகலம் 1850, உயரம் 3000. வலப்பக்கம் 2150 வெட்டப்பட்டது. வெளிச்சம் போதுமானது." இப்படி அறுபத்திரண்டு! சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "உங்கம்மாவைப் பொண்ணு பாக்க வந்தவங்களா, சரக்கு ஏத்த வந்தவங்களா, எதுக்கு இப்படி அளக்குறாங்க?" என்று கேட்கிறார். கேப்டன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நேற்று பார்த்தேன். இப்போது என்னைக் கண்டாலே எல்லாரும் "வெளிச்சம் போதுமானதா?" என்றுதான் வணக்கம் வைக்கிறார்கள்.

சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அதை மேசையில் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஐந்து மாதமாக அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. நீ எனக்கு அவள் அகலத்தை அனுப்புகிறாய்.

பத்துப் படம் போதும். கையால் எழுது. படத்துக்கு மூன்று நான்கு வரி. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி சொல். முட்டியை மறைக்காதே. நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் சொல். உன்னால் பொய் சொல்ல முடியாது, அது ஒன்றுதான் உன்னிடம் எனக்கு இருக்கிற நம்பிக்கை.

அக்கா


மார்ச் 17, செவ்வாய். காலை 7.15

அக்கா,

மூன்று நாள் ஆனது. ஒரு படத்தை அரை மணி நேரம் பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்தும் பிளாக்கில் ஏற்றிவிட்டேன். நான்கை இங்கேயும் எழுதுகிறேன்.

பதிவு 1, அக்டோபர். அம்மா ஏணியில் நிற்கிறாள். தண்ணீர் இடுப்பு வரை. இரண்டு கையும் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, விரல் கணுக்கள் வெளுத்திருக்கின்றன. சிரிப்பு இல்லை. தொப்பி ஒரு காதை மூடவில்லை. வலது காலை மேலேயே வைத்திருக்கிறாள், கீழே இறக்கப் பயம். ஏணிக்கு நான்கு படி.

பதிவு 6, டிசம்பர். ஏணியில் இறங்குகிறாள். ஒரு கைதான் கம்பியில். மற்ற கை யாரையோ பார்த்து ஆட்டுகிறது. வலது காலை முதலில் வைக்கிறாள். தழும்பு தெரிகிறது, முன்பு போலச் சிவப்பு இல்லை. ஏணிக்கு ஐந்து படி. இதை இப்போதுதான் கவனித்தேன். யாரோ அடியில் ஒரு படி கூட்டியிருக்கிறார்கள். பற்றவைப்பு சுத்தமாக இருக்கிறது.

பதிவு 9, ஜனவரி. நீந்துகிறாள். ஓவர்டேக் செய்தது பக்கத்துத் தடத்தில் போன ஒரு கல்லூரிப் பையனை. அவன் முகத்தில் அவமானம். முட்டி நன்றாக மடங்குகிறது. நான் திரையில் கோணமானி வைத்துப் பார்த்தேன்: 118 டிகிரி. மூச்சுக்குத் தலையை வலப்பக்கம் மட்டும் திருப்புகிறாள். இடப்பக்கம் ஒரு முறைகூட இல்லை. பேருந்தின் பக்கக் கண்ணாடி பார்த்த பழக்கம் என்று நினைக்கிறேன்.

பதிவு 12, பிப்ரவரி. தண்ணீரை விட்டு வெளியே வருகிறாள். எண்ணூறு மீட்டர் முடித்த நாள். வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாள். மேல்வரிசையில் அந்த மூன்றாவது பல் இல்லாதது தெரிகிறது. படம் எடுக்கும்போது கையால் மறைப்பாளே, அன்று மறைக்கவில்லை.

கெட்டது: ஜனவரியில் இரண்டு நாள் வீங்கியது. பனிக்கட்டி வைத்தாள். மூன்றாம் நாள் மறுபடி குளத்துக்குப் போனாள். மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

இன்னும் 17 நாள் இருக்கிறது.

தம்பி


மார்ச் 19

என் தங்கமே,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆனது? பழகிக்கொள்ளாதே, இன்று மட்டும்தான்.

பல் வரியைப் படித்துவிட்டு மேல்தளத்துக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். அப்பா போன பதினொரு வருடத்தில் அவள் அந்தப் பல்லை மறைக்காமல் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரைப் பார்த்துடா சிரித்தாள்? உன்னைப் பார்த்தா? நீ நின்றால் "முகத்தைத் தூக்கு, நடுவுல வா, அசையாதே" என்று அதட்டுவாய். அதற்கு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் நிரல் எழுதிய அந்தப் பைத்தியக்காரப் பட்டியலை எடுத்து மறுபடி முழுதாகப் படித்தேன். இந்த முறை சிரிக்காமல். அறுபத்திரண்டில் பன்னிரண்டு படத்தை நீ வெட்டவே இல்லை. ஒன்பதில் மேல்பக்கம் கொஞ்சம். மீதி நாற்பத்தொன்றிலும் வலப்பக்கம். இடப்பக்கம் ஒன்றில்கூட வெட்டவில்லை. நான் எண்ணெய் அழுத்தக் கணக்கை வைத்தே எந்தக் குழாயில் ஒழுக்கு என்று கண்டுபிடிக்கிறவள். நாற்பத்தொரு முறை ஒரே பக்கத்தில் ஒழுகினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அம்மா கை ஆட்டுவது யாருக்கு? மூச்சுக்கு எப்போதும் வலப்பக்கம் திரும்புகிறாள். ஏணிக்கு ஐந்தாவது படி தானாக முளைத்ததா?

வெட்டாத மூலப் படங்களைத் தொலைத்திருக்க மாட்டாய் என்று தெரியும். நீ ஒரு திருகாணியைக்கூடத் தூக்கிப் போடாதவன். எடு. நீ வெட்டியெறிந்த வலப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுது.

அக்கா


மார்ச் 24, செவ்வாய். காலை 7.30. மூலப் படங்கள் 41. அவற்றில் ஒரே ஆள் 38-இல். மீதி மூன்றில் நாற்காலி மட்டும், அதன்மேல் ஒரு துண்டு.

அக்கா,

ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அதுதான் கேவலம். குளத்துத் தண்ணீரைச் சோதிக்கிறவர். அறுபது வயது இருக்கும், ஒல்லி, காதோரம் மட்டும் முடி. குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்து சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார். அக்டோபரிலிருந்து தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். அப்புறம் என் படத்தில் வந்தால் வெட்டிவிடுவேன். பின்னணி என்று நினைத்தேன்.

தண்ணீர் சோதிக்க நான்கு நிமிடம் போதும். நேற்று நேரம் பார்த்தேன். அவர் அந்த நாற்காலியில் ஐம்பத்திரண்டு நிமிடம் இருக்கிறார். அம்மா இறங்கும்போது வருகிறார், அம்மா ஏறும்போது எழுந்திருக்கிறார். கையில் வைத்திருப்பது பச்சைத் துண்டு. நம் வீட்டுத் துண்டு அக்கா. இஸ்திரிப் பெட்டி வைத்து நான் ஓரத்தைப் பொசுக்கினேனே, அதே துண்டு. 38 படத்தில் 35-இல் அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் நேற்றுச் சாயங்காலம் நேராகக் கேட்டேன்.

"யாரும்மா அது?"

"எது?"

"அந்தத் தண்ணி சோதிக்கிறவர்."

"தண்ணி சோதிக்கிறவர்தான். நீயே சொல்லிட்டியே."

"அவர் தண்ணியைத்தானே பாக்கணும்?"

"அதையும் பாக்குறாரு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எத்தனை நாளா?"

"நீ படம் எடுக்க ஆரம்பிச்ச நாள்லேருந்துதான். நீதான் தினமும் எடுத்துட்டிருந்தியே, உனக்குத் தெரியாதா? உனக்குப் பிடிக்காம வெட்டி வெட்டிப் போடறியோன்னு நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

இந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மாதமாக அவள் ஒவ்வொரு பதிவையும் திறந்து, மகன் அந்த மனிதரை வெட்டியிருக்கிறான் என்று பார்த்து, பேசாமல் மூடியிருக்கிறாள். நான் கோப்பின் அளவைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்காகிட்ட இதையும் கேக்கணுமா?" என்றேன்.

"முட்டியைத்தான் அவகிட்ட குடுத்தேன். மீதியெல்லாம் என்கிட்டயேதான் இருக்கு."

காலையில் அவரிடம் போனேன். என்ன பேசுவது என்று யோசிக்காமலே போனேன். அவர் பயந்துபோய்க் குப்பியைக் கீழே வைத்தார். ஏணிக்கு ஐந்தாவது படி யார் வைத்தது என்று கேட்டேன். அவர்தான். பழைய கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே உயரம் அதிகம், அம்மா இறங்கும்போது வலது முட்டி இழுக்கிறது என்று கவனித்து, நிர்வாகத்துக்கு நான்கு மனு எழுதி, பற்றவைப்பவரைக் கூட்டிவந்து நின்று செய்ய வைத்திருக்கிறார். லிஃப்ட் மாடித் தரையைவிட அரை சென்டிமீட்டர் ஏறி நின்றால் எனக்குக் கண்ணில் குத்தும். பெற்ற தாய் இறங்குகிற ஏணி தெரியவில்லை.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீரின் கணக்கு. எதிர்ப் பக்கம் அம்மா: எத்தனை மீட்டர், எந்த இடத்தில் வேகம் குறைந்தது, முட்டி எந்த உதையில் பிடித்தது. ஜனவரி வீக்கம் இருக்கிறது. தண்ணீர் இருபத்தாறு டிகிரிக்குக் கீழே போனால்தான் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நாட்களில் அம்மாவைப் பத்து நிமிடம் கூடுதலாக உடம்பைச் சூடாக்க வைக்கிறார். ஏரி நீச்சலுக்கு ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு படகு வரலாம். துடுப்புப் போட அவர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார். அம்மா போவாளா என்று தெரியாமலே.

"உங்க அக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

"வேண்டாம்ங்குறா."

"அவங்க சொல்றதும் சரிதான். நடுவுல பிடிச்சா கஷ்டம்" என்றார். வாதாடவே இல்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நீ கேட்டாய் அல்லவா, நடுவில் முட்டி பிடித்தால் யார் இருப்பார்கள் என்று. அதற்குப் பதில் 41 படத்தில் இருந்தது. நான்தான் வெட்டிவிட்டேன். நீ சரி என்றாலும் இல்லை என்றாலும் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

தம்பி


மார்ச் 27

தம்பி,

மூன்று முறை எழுதி அழித்துவிட்டு நான்காவது முறை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அறுவை முடிந்து அம்மா முதன்முதலாகக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்த நாளில் நான் பின்னால் நின்று அவள் நைட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் அப்படித்தான். கடைசி மாதத்தில் அவளுக்கு அது தேவையே இல்லை. "விடுடி, நான் நடக்கிறேன், துணிதான் கிழியுது" என்பாள். நான் விடவில்லை. இத்தனை ஆயிரம் மைல் தள்ளி வந்தும் அந்தக் கொத்து என் கையிலேயே இருந்திருக்கிறது. முட்டி, டிகிரி என்று நான் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் என் பயம் அது மட்டும் இல்லை. நான் பிடிக்காமல் அவள் போய்விடுவாள் என்பதும்தான். எழுதிவிட்டேன். இதை பிளாக்கில் போட்டால் இறங்கி வந்து உதைப்பேன்.

நோட்டில் முட்டி எந்த உதையில் பிடித்தது என்று குறித்து வைத்திருக்கிறாரே, அந்த வரியைப் பத்து முறையாவது படித்திருப்பேன். நான் விட்ட வேலையை ஒரு ஆள் செய்துகொண்டிருக்கிறார். அதுவும் துணியைக் கிழிக்காமல்.

சரி. என் பதில்: சரி. நீந்தட்டும்.

ஏரி நிர்வாகக் குழுவுக்கு எழுத்திலேயே சம்மதம் அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் படம் இங்கிருந்து போகாது என்பதால் கேப்டன் சாட்சியாகத் தன் பெயரில் தனியாக ஒரு வரி அனுப்பியிருக்கிறார். "வெளிச்சம் போதுமானது" என்று முடிக்கட்டுமா என்று கேட்டார், கெஞ்சித் தடுத்தேன்.

நிபந்தனை இரண்டு. ஒன்று, படகில் அவர்தான். வேறு யாரும் வேண்டாம். இரண்டு, அன்று நடப்பதை நீ எனக்கு எழுத வேண்டும். வெட்டாமல்.

அவரை நாம் என்ன சொல்லிக் கூப்பிடுவது? சார் என்றால் குளத்துக்குப் பணம் கட்டப் போன மாதிரி இருக்கிறது. மாமா என்றால் அம்மா வெட்கப்படுவாள். அவளிடமே கேள். கேட்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று மூன்று வரி.

அக்கா


மார்ச் 30, திங்கள். இரவு 7.20

அக்கா,

குழு ஏற்றுக்கொண்டது. அம்மாவின் எண் 77.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன், நைட்டி பகுதியைத் தவிர. சரி என்ற இடம் வந்ததும் எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய முகம்தான். திரும்பி வந்து, "அவ சாப்பிடறாளாமா?" என்று மட்டும் கேட்டாள்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டேன். மூன்று வரி: கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தாள். கையில் இருந்த தட்டை வைக்கிற இடம் தெரியாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள். "இப்போதைக்குக் கூப்பிடாதீங்க, அவரே வருவாரு" என்றாள்.

தம்பி


ஏப்ரல் 19, ஞாயிறு. காலை 10.25. நீந்தியவர்கள் 83. கடந்தவர்கள் 79. அம்மா 46-ஆவது. நேரம் 41 நிமிடம் 20 வினாடி. நான் எடுத்த படம் 1.

அக்கா,

முடித்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

இன்று நான் போனைப் பையிலேயே வைத்துவிட்டுக் கண்ணால் பார்த்தேன். ஏழு மணிக்கு ஏரியில் இலேசான அலை, தண்ணீர் இருபத்தைந்து டிகிரி. அவர் அம்மாவைக் கால் மணி நேரம் கரையிலேயே குதிக்கவும் குனியவும் வைத்தார். பணிமனை டிரைவர்கள் பத்தொன்பது பேர் ஒரு பழைய பேருந்தை எடுத்துக்கொண்டு வந்து கரையில் நிறுத்தியிருந்தார்கள். திடீரென ஒரு சத்தம், நடுவர் ஊதலா பேருந்து ஹாரனா என்று யாருக்கும் புரியவில்லை. பாதிப் பேர் முன்னாலேயே குதித்துவிட்டார்கள். மறுபடி வரிசையில் நிற்க வைத்தார்கள். நடுவர் டிரைவர்களிடம் வந்து, "இன்னொரு தடவை அடிச்சா வண்டியையே ஏரிக்குள்ள தள்ளிடுவேன்" என்று கத்திவிட்டுப் போனார்.

முதல் அறுநூறு மீட்டர் சீராகப் போனாள். ஆரஞ்சுத் தொப்பி, எண் 77. படகு அவள் வலப்பக்கம். மூன்று உதைக்கு ஒரு முறை தலை திரும்பும், அவர் ஏதோ ஒரு சொல் சொல்வார், தலை உள்ளே போகும். எழுநூறு தாண்டியதும் நின்றாள். கரையிலிருந்தே தெரிந்தது. முட்டி பிடித்துக்கொண்டது அக்கா. உன்னிடம் மறைக்க மாட்டேன். டிரைவர்கள் எல்லாம் பேருந்தை விட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள்.

அவர் குதிக்கவில்லை, கை நீட்டவில்லை. கையைப் பிடித்தால் நீந்தியதாகக் கணக்கில் வராது என்று அவருக்குத் தெரியும். துடுப்பைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டு, அவளோடு சேர்ந்து சும்மா மிதந்தார். அம்மா மல்லாக்கப் படுத்தாள். இரண்டு நிமிடம் பத்து வினாடி. வானத்தைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். கடைசியில் அம்மா சிரித்த சத்தம் தண்ணீர்மேல் தவழ்ந்து கரை வரைக்கும் வந்தது. உண்மையாக, கேட்டது. பிறகு புரண்டு நீந்த ஆரம்பித்தாள். வலது காலை உதைக்காமல் இடது காலாலும் கைகளாலும் முந்நூறு மீட்டர். கடைசி இருநூறுக்கு இரண்டு காலும் வந்துவிட்டன.

கரை ஏறியதும் நொண்டினாள். அவர் ஒரு தோளைக் கொடுத்தார், நான் ஒன்று. இப்போது பனிக்கட்டி வைத்திருக்கிறாள், வீக்கம் கொஞ்சம்தான். நடுவில் என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"திரும்பிப் போயிடலாமான்னு கேட்டேன். போற தூரம்தான் குறைச்சல்னாரு."

"அதுக்கா அவ்வளவு சிரிப்பு?"

"இல்லடா. அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டாரு. அதுக்குச் சிரிச்சேன்."

"என்ன சொன்னே?"

"கரைக்கு வந்து சொல்றேன்னேன்."

"சொல்லிட்டியா?"

"நீதான் தோளைக் குடுக்குறேன்னு நடுவுல வந்து நின்னுட்டே. எங்க சொல்ல?"

டிரைவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அம்மா அவரைப் பார்க்கிறாள். அவர் ஏரியைப் பார்க்கிறார், முதல் தடவையாக. ஆகவே இனி நான் செய்யப் போவது:

1. இந்த இடத்தை விட்டு உடனே நகர்வது. டிரைவர்களையும் நகர்த்துவது. முதலில் பேருந்துச் சாவியை வாங்கிக்கொள்வது, இல்லாவிட்டால் ஹாரன் அடிப்பார்கள்.

2. அந்த 41 படத்தையும் மூல அளவிலேயே பிளாக்கில் திரும்பப் போடுவது. திறக்க நேரமாகும். ஆகட்டும்.

3. 62-க்கும் மறுபடி முதலிலிருந்து கையால் விளக்கம் எழுதுவது. ஒரு நாளைக்கு இரண்டு வீதம், ஒரு மாதம்.

4. இன்று எடுத்த ஒரே படத்துக்கு இங்கேயே எழுதுவது: ஏரிக்கரை. சேற்றில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி. அம்மா வலது காலை நீட்டியிருக்கிறாள். இருவருக்கும் முகம் முழுக்கத் தண்ணீர். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை.

5. பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, அந்த இடைவெளி இன்னும் இருக்கிறதா என்று பார்த்து உனக்கு எழுதுவது.

6. அக்கா, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இடைவெளி இல்லை. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாவியைத் திருப்பிக் கொடுப்பது.